எழுபத்தேழும் ஏழெழுபதும்: பைபிளின் எண்களை வாசிப்பது

1

2011 மே 21 அன்று உலகம் நியாயத்தீர்ப்புக்கு வந்துவிடும் என்று அமெரிக்காவில் ஒருவர் கணக்குப் போட்டார். பெயர் ஹெரால்டு கேம்பிங். வானொலியில் பைபிள் விளக்கம் சொல்லிவந்தவர். படித்தது சிவில் இன்ஜினியரிங். கணக்கு ரொம்ப எளிமையானது. பைபிளில் 5 என்றால் பாவநிவாரணம். 10 என்றால் முழுமை. 17 என்றால் பரலோகம். மூன்றையும் பெருக்கினால் 850. அந்த 850ஐ 850ஆல் பெருக்கினால் 7,22,500. இயேசு சிலுவையில் இறந்த நாள் என்று அவர் முடிவுசெய்து வைத்திருந்த கி.பி. 33 ஏப்ரல் 1இலிருந்து 7,22,500 நாட்களை எண்ணிக்கொண்டே வந்தால் 2011 மே 21இல் வந்து நிற்கும்.

ஊர் ஊராக விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். வேலையை விட்டவர்கள் இருந்தார்கள். சேமிப்பையெல்லாம் விளம்பரத்துக்குக் கொட்டியவர்கள் இருந்தார்கள். மே 22 காலையில் சூரியன் வழக்கம்போல வந்தது. தேதியை அக்டோபர் 21க்கு மாற்றினார். அதுவும் போச்சு. 2012 மார்ச்சில் தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். 2013 டிசம்பரில் இறந்துபோனார்.

சிரித்துவிட்டுக் கடந்துபோவது சுலபம். இவர் முதல் ஆளும் இல்லை. தானியேல் புத்தகத்தில் வரும் 2,300 என்ற எண்ணை வைத்து வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் அந்த நாளுக்குப் 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர்.

ஆனால் இலக்கியம் வாசிக்கிற ஒருவருக்கு இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கேம்பிங்கின் பெருக்கலில் பிழை இல்லை. பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது. '17 என்றால் பரலோகம்' என்றாரே, அங்கே. அது வாசிப்பில் நடந்த பிழை. அதே பிழையை நாமும் வேறு இடங்களில் செய்கிறோம். ஒரு கவிதையில் காகம் வந்தால் "இங்க காகம் எதைக் குறிக்குது?" என்று கேட்கிறோம். 'காகம் = முன்னோர்' என்று யாராவது பதில் சொன்னதும் கவிதை புரிந்துவிட்டதாகத் திருப்தியடைந்து அடுத்த பக்கம் புரட்டுகிறோம். குறியீட்டைச் சமன்பாடாக மாற்றும் இந்தப் பழக்கம் கவிதையைக் கொல்லும். வேதநூலில் அது மனிதர்களின் சேமிப்பையும் வேலையையும் சேர்த்துக் கொல்கிறது. அதனால்தான் பைபிளின் எண்களை எப்படி வாசிப்பது என்பது நம்பிக்கையாளர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை என்று நினைக்கிறேன்.

2

எண்களுக்கு ஓர் அகராதி இருக்கிறது என்ற எண்ணம் பழையது. 1894இல் ஈ. டபிள்யூ. புல்லிங்கர் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் பைபிளின் எண்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இன்றும் ஞாயிறு வகுப்புகளிலும் வாட்ஸப் படங்களிலும் சுற்றிவரும் பட்டியல்கள் அந்த வகைதான். 3 திரித்துவம், 6 மனிதன், 7 பூரணம், 8 புதிய தொடக்கம், 40 சோதனை. புல்லிங்கருக்கு 5 என்றால் கிருபை. கேம்பிங்குக்கு 5 என்றால் பாவநிவாரணம். அகராதியை எழுதுபவரைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. ஆனால் ஒவ்வொருவரும் அது எண்ணுக்குள்ளேயே இருப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

இதற்காக எண்களில் ஒன்றுமே இல்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் முடியாது. 7, 12, 40 எல்லாம் இந்தப் பிரதிகளில் தற்செயலாக விழுந்தவை அல்ல. ஏழு என்ற எண்ணையும் ஆணையிடுவதையும் எபிரேய மொழி ஒரே வேரிலிருந்து வரும் சொற்களால் சொல்கிறது. ஆதியாகமம் 21இல் ஆபிரகாம் ஒரு கிணற்றுக்காக அபிமெலேக்கோடு உடன்படிக்கை செய்யும்போது ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறார். பிறகு இருவரும் ஆணையிடுகிறார்கள். அந்த இடத்துக்குப் பெயர்செபா என்று பெயர். 'ஏழின் கிணறு' என்றும் வாசிக்கலாம், 'ஆணையின் கிணறு' என்றும் வாசிக்கலாம். எபிரேயக் காதுக்கு ஏழு என்ற ஓசையிலேயே ஒரு வாக்குறுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொழிக்குள் நிகழும் இந்தச் சேர்க்கையைப் பட்டியல் போட்டுத் தர முடியாது.

40ஐ எடுத்துக்கொள்வோம். அகராதி 'சோதனை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பிரதி அப்படி நடந்துகொள்வதில்லை. எண்ணாகமம் 13இல் கானானை உளவு பார்க்கப் போனவர்கள் 40 நாள் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். மக்கள் பயந்து முறுமுறுக்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு வருடமாக 40 வருடம் வனாந்தரத்தில் அலைய வேண்டும் என்று தீர்ப்பு வருகிறது. பல நூற்றாண்டு கழித்து நற்செய்தியில் இயேசு 40 நாள் வனாந்தரத்தில் இருக்கிறார். பிசாசு மூன்று முறை பேச, மூன்று முறையும் வேத வாக்கியத்தால் பதில் சொல்கிறார். மூன்றுமே உபாகமத்தின் 6, 8ஆம் அதிகாரங்களிலிருந்து எடுத்தவை. உபாகமம் என்பது அந்த 40 வருட அலைச்சலின் முடிவில், ஆற்றங்கரையில் நின்று மோசே திரும்பிப் பார்த்துப் பேசும் புத்தகம்! 40 என்ற எண் ஒரு கதவைத் தட்டுகிறது. பதில்கள் அதே வீட்டிலிருந்து வருகின்றன. ஒரு சமூகம் தோற்ற இடத்தில் ஒருவர் மறுபடி நடந்து பார்க்கிறார்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்: பைபிளில் ஓர் எண்ணின் அர்த்தம் அது முன்பு ஒலித்த இடத்தில் இருக்கிறது. எதிரொலியைக் கேட்கத் தெரிந்தவருக்கு அகராதி தேவைப்படாது.

3

இதற்கு நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த உதாரணம் ஒரு கொலைகாரனின் பாடலில் தொடங்குகிறது.

ஆதியாகமம் 4. காயீன் தம்பியைக் கொன்றுவிட்டான். தன்னை யாராவது கொன்றுவிடுவார்கள் என்று பயப்படுகிறான். கடவுள் அவன்மேல் ஓர் அடையாளம் போட்டு, அவனைக் கொல்பவன்மேல் ஏழு மடங்கு பழி வரும் என்கிறார். கவனியுங்கள், இந்த ஏழு கொலையைத் தடுப்பதற்காக வந்தது.

ஆதாமிலிருந்து எண்ணினால் காயீன் வம்சத்தில் ஏழாவது ஆள் லாமேக்கு. இவனுடைய மகன்களில் ஒருவன் வெண்கலத்திலும் இரும்பிலும் கருவி செய்பவன். லாமேக்கு தன் இரண்டு மனைவிகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறான். என்னைக் காயப்படுத்தியதற்காக ஓர் ஆளைக் கொன்றேன். காயீனுக்கு ஏழு பழி என்றால் எனக்கு எழுபத்தேழு. தடுப்பாக வந்த எண் இங்கே மிரட்டலாக மாறிவிட்டது. வன்முறை எப்படிப் பெருகும் என்பதை ஒரே ஓர் எண்ணை உயர்த்திக் காட்டிவிடுகிறார் கதைசொல்லி.

இப்போது மத்தேயு 18. பேதுரு வந்து இயேசுவிடம் கேட்கிறார்: என் சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறை போதுமா? பேதுருவுக்குத் தான் தாராளமாகப் பேசுவதாக நினைப்பு. இயேசு சொல்லும் பதிலில் இருக்கும் கிரேக்கத் தொடர், ஆதியாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் லாமேக்கின் வாயில் வரும் அதே தொடர். சொல்லுக்குச் சொல் அதேதான். பழிக்கு எழுபத்தேழு என்றவனுக்கு மன்னிப்பில் எழுபத்தேழு என்று பதில் போகிறது. காயீன் வம்சம் ஏற்றிவைத்த கணக்கு அதே எண்ணால் இறக்கிவைக்கப்படுகிறது.

இது பலருக்கும் தெரியாமல் இருப்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. அந்தக் கிரேக்கத் தொடரை 77 என்றும் வாசிக்கலாம், 70 தடவை 7 என்றும் வாசிக்கலாம். தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் பழைய திருப்புதல் ஆதியாகமத்தில் 'எழுபத்தேழு' என்றும் மத்தேயுவில் 'ஏழெழுபது' என்றும் போட்டது. இலக்கணப்படி தப்பில்லை. 'ஏழெழுபது' காதுக்கு அழகான சொல்லும்கூட. ஆனால் ஓர் எதிரொலி அங்கே அறுந்துபோனது. பேதுருவின் கேள்விக்கான பதில் 490 என்ற பெரிய எண்ணாக, தாராளத்தின் அளவாக மட்டும் நமக்கு வந்து சேர்ந்தது. லாமேக்கு காணாமல் போய்விட்டான். மொழிபெயர்ப்பில் தொலைவது உணர்ச்சி, ஓசை என்றெல்லாம் பேசுவோம். சில சமயம் ஒரு வில்லனே தொலைந்துபோவான்.

இயேசு அந்த எண்ணோடு நிறுத்துவதுமில்லை. உடனே ஒரு கதை சொல்கிறார். ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அப்படியானால் 6 கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட விடாமல் உழைத்தாலும் 1,64,000 வருடம் ஆகும். இந்தக் கடன் மொத்தமாகத் தள்ளுபடி ஆகிறது. வெளியே வந்தவன் தன்னிடம் 100 நாள் கூலி கடன்பட்ட இன்னொருவனின் கழுத்தைப் பிடிக்கிறான். கதையைக் கேட்டவர்கள் தாளில் பெருக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். கிரேக்கத்தில் தனிச் சொல் உள்ள மிகப் பெரிய எண் பதினாயிரம். நாணய அளவில் மிகப் பெரியது தாலந்து. இரண்டையும் சேர்த்துச் சொன்னதுமே சிரித்திருப்பார்கள். மன்னிப்பை எண்ண ஆரம்பித்தாலே அது மன்னிப்பில்லை என்பதுதான் கதை. எண்ணை வைத்தே எண்ணுவதை நிறுத்தச் சொல்கிறார்.

4

"அப்போ எழுத்தை எண்ணாக மாத்துற வேலையெல்லாம் கட்டுக்கதையா?" என்று கேட்கலாம். இல்லை. அது உண்மையிலேயே இருந்த பழக்கம். பழைய தமிழ்ப் புத்தகங்களில் பக்க எண்ணை க, உ, ங, ச என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எல்லா எழுத்துகளுக்குமே எண் மதிப்பு உண்டு. ஆகவே எந்தப் பெயரைக் கூட்டினாலும் ஒரு தொகை வரும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரச் சுவர் ஒன்றில் யாரோ ஒரு காதலன் கிரேக்கத்தில் கிறுக்கியிருக்கிறான்: தான் காதலிக்கும் பெண்ணின் எண் 545. பெயரை வெளியே சொல்லப் பயம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தக் காலத்து வாசகர்களுக்கு இந்த விளையாட்டு பழகியது.

மத்தேயு நற்செய்தி ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. பெரும்பாலான வாசகர்கள் தாண்டிப்போகும் பக்கம். ஆபிரகாமிலிருந்து தாவீது வரை 14 தலைமுறை, தாவீதிலிருந்து பாபிலோன் சிறையிருப்பு வரை 14, அங்கிருந்து கிறிஸ்து வரை 14. தாவீது என்ற பெயரை எபிரேயத்தில் எழுதினால் தாலெத் 4, வாவ் 6, தாலெத் 4. கூட்டினால் 14. பட்டியலில் பதினாலாவது பெயரும் தாவீதுதான். இவர் தாவீதின் மகன் என்பதை மத்தேயு மூன்று முறை முரசடித்துச் சொல்கிறார் என்று பல அறிஞர்கள் வாசிக்கிறார்கள்.

நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டாவது அடுக்கில் யோராமுக்குப் பிறகு அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்களைக் காணோம்; நேராக உசியாவுக்குத் தாவிவிட்டார். மூன்றாவது அடுக்கில் 13 பெயர்தான் தேறும். தணிக்கை அதிகாரி சிவப்பு மையால் வட்டம் போடுவார். ஆனால் மத்தேயு எழுதுவது பதிவேடு அல்ல, தாளம். ஏற்றம், வீழ்ச்சி, காத்திருப்பு என்று மூன்று அடுக்கு. நடுத்திருப்பம் ஒரு நாடு அழிந்த நாள். அந்தத் தாளத்தில் 'பெற்றான், பெற்றான்' என்று போய்க்கொண்டிருக்கும்போது நான்கு இடங்களில் இடறுகிறது. தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. 14க்குள் எண்ணப்படாத பெண்கள். எண்ணின் ஒழுங்கைக் கட்டியவரே அதைக் கலைக்கும் பெயர்களையும் உள்ளே வைத்திருக்கிறார் என்பதுதான் இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்தது.

இனி 666. இதைப் பேசாமல் தப்பிக்க முடியாது. பார்கோடில் இருக்கிறது, சிப்பில் இருக்கிறது, தடுப்பூசியில் இருக்கிறது என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வதந்தியைக் கண்டுபிடிக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 13 வாசகனிடம் நேரடியாகவே கணக்குப் போட்டுப் பார் என்கிறது. இது ஒரு மனிதனின் எண் என்றும் சொல்கிறது. புத்தகத்தின் முதல் வாசகர்கள் ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்தில் ஏழு ஊர்களில் இருந்த சிறு சபைகள். 'நீரோன் கேசர்' என்பதை எபிரேய எழுத்துகளில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200. கூட்டினால் 666. நீரோ கி.பி. 54 முதல் 68 வரை ஆண்டவன், கிறிஸ்தவர்களைக் கொன்றவன். சில பழைய பிரதிகளில் 666க்குப் பதில் 616 என்று இருக்கிறது; எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டிலும் அப்படித்தான். லத்தீன் உச்சரிப்பைப் போல நீரோன் என்பதில் கடைசி 'ன்'ஐ எடுத்துவிட்டால் 50 குறையும். 616 வந்துவிடும். இரண்டு பாடங்களுக்கும் ஒரே பெயர் பொருந்துவதால்தான் இந்த விடைக்கு இவ்வளவு பலம்.

இரண்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இரேனியஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சில பெயர்களைக் கூட்டிக் காட்டுகிறார். பிறகு, இதில் எதையும் உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்கிறார். வதந்திகளின் நடுவே இந்த நிதானம் எவ்வளவு அழகாக இருக்கிறது! 666 என்பது எதிர்காலத்துக்கு அனுப்பிய ரகசியத் தந்தி என்று எடுத்துக்கொண்டால், அதை முதலில் கையில் வாங்கியவர்களுக்கு அது வெறும் காகிதம். பேரரசனின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் உயிர் போகும் காலத்தில், பெயரை எண்ணாக்கித் தங்களுக்குள் சொல்லிக்கொண்டவர்களின் குரல் அது என்று வாசித்தால் ஒடுக்கப்பட்டவர்களின் மறைமொழி நமக்குக் கேட்கும். பொம்பெய்க் காதலன் ஆசையால் செய்ததை இவர்கள் பயத்தால் செய்தார்கள்.

5

எண்ணைப் பற்றி விமர்சனம் எழுதும்போது அது எதை வெளியே விட்டுவிடுகிறது என்றும் கேட்க வேண்டும். ஐந்து அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர் என்று எல்லாரும் சொல்வோம். மத்தேயு அந்த எண்ணோடு ஒரு சிறு குறிப்பையும் சேர்க்கிறார்: பெண்களையும் பிள்ளைகளையும் சேர்க்காமல். அந்தச் சமூகம் எண்ணத் தொடங்கும்போது யாரை எண்ணியது என்பதற்கு இதைவிட நேரடியான வாக்குமூலம் வேண்டாம். சாப்பிட்டவர்கள் எல்லாரும், கணக்கில் வந்தவர்கள் ஆண்கள்.

இந்தச் சங்கடம் பைபிளுக்கே தெரியும். 2 சாமுவேல் 24இல் தாவீது மக்கள்தொகை எடுக்கச் சொல்கிறார். படைத்தலைவன் யோவாபே, எதற்கு இது என்று தடுத்துப் பார்க்கிறான். ஒன்பது மாதம் இருபது நாள் எண்ணி முடித்துவந்து தொகையைச் சொல்கிறார்கள்: இஸ்ரவேலில் 8,00,000, யூதாவில் 5,00,000. எல்லாம் வாள் பிடிக்கும் ஆண்கள். எண்ணி முடித்ததும் தாவீதின் மனசு உறுத்துகிறது. கொள்ளைநோய் வந்து 70,000 பேர் சாகிறார்கள். இதே கதையை 1 நாளாகமம் 21 மறுபடி சொல்லும்போது தொகை 11,00,000, 4,70,000 என்று மாறிவிடுகிறது. எண்ணத் தூண்டியது கடவுளின் கோபம் என்கிறது ஒரு புத்தகம். சாத்தான் என்கிறது மற்றது. எண்ணக்கூடாத இடத்தில் எடுத்த கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஒரே மாதிரி நிற்கவில்லை! மக்களைப் படைபலமாக எண்ணும் அரசன்மேல் இந்தப் பிரதிகளுக்கு இருக்கும் சந்தேகம் அந்த முரணிலேயே தெரிகிறது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் புகழ்பெற்ற இன்னொரு எண் 1,44,000. பன்னிரண்டு கோத்திரம், கோத்திரத்துக்குப் பன்னிரண்டாயிரம். இதைப் பரலோகத்தின் இருக்கை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு 'எனக்கு இடம் இருக்குமா' என்று கலங்கியவர்கள் உண்டு. 7ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். கதைசொல்லி இந்த எண்ணைக் *கேட்கிறார்*. சில வரிகள் தள்ளித் திரும்பிப் *பார்க்கிறார்*. பார்க்கும்போது அங்கே நிற்பது எல்லா மொழியும் எல்லா இனமும் கலந்த, யாராலும் எண்ண முடியாத கூட்டம். அதற்கு இரண்டு அதிகாரம் முன்பும் இதே உத்திதான். சிங்கம் என்று கேட்கிறார். திரும்பினால் அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. காதில் விழுந்ததைக் கண் திருத்துகிறது. அங்கே சிங்கம் ஆட்டுக்குட்டியானது போல இங்கே எண் எண்ணமுடியாமையாகிறது. 1,44,000த்தோடு நிறுத்திக்கொள்பவர் அரைக் காட்சியோடு எழுந்து போய்விட்டவர்.

6

எண்ணின் குறியீட்டைப் பற்றி நற்செய்திகளுக்குள்ளேயே ஒரு தேர்வு நடக்கிறது. மாற்கு 8. சீடர்கள் படகில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்பம் எடுத்துவர மறந்துவிட்டார்கள். படகில் ஒரே ஓர் அப்பம்தான். அதை நினைத்துக் கவலைப்பட்டுப் பேசிக்கொள்கிறார்கள். இயேசு கேட்கிறார்: ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பிட்டபோது மிச்சம் எத்தனை கூடை எடுத்தீர்கள்? பன்னிரண்டு. ஏழு அப்பத்தை நாலாயிரம் பேருக்குப் பிட்டபோது? ஏழு. இன்னுமா உங்களுக்குப் புரியவில்லை என்கிறார். அவ்வளவுதான். விளக்கம் கிடையாது, படகு கரை சேர்ந்துவிடுகிறது.

விடைகள் இரண்டும் சரி. நூற்றுக்கு நூறு. ஆனாலும் தோல்வி. உலக இலக்கியத்தில் இப்படி ஒரு தேர்வு அதிகம் இருக்காது.

பன்னிரண்டு இஸ்ரவேலின் கோத்திரங்கள், ஏழு பிற இனங்கள் என்பது ஒரு மரபான விளக்கம். முதல் விருந்து யூதர்கள் நடுவே. இரண்டாவது, தெக்கப்போலி என்ற பிற இனத்தார் பகுதியில் நடப்பதாகப் பலர் கொள்கிறார்கள். இதற்குத் துணையாகப் பிரதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் விருந்தின் கூடைக்குக் கிரேக்கத்தில் கோஃபினோஸ், இரண்டாவதற்கு ஸ்பூரிஸ். தமஸ்குவில் பவுலைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டது ஸ்பூரிஸ் ஒன்றில்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். ஓர் ஆள் உட்காரும் அளவு. படகில் கேள்வி கேட்கும்போதுகூட மாற்கு இரண்டு சொற்களையும் மாற்றாமல் வைத்திருக்கிறார். தமிழில் இரண்டுமே கூடைதான்.

எனக்கு இந்த விளக்கத்தில் பெரும்பகுதி ஏற்புதான். ஆனால் அதை விடையாக எழுதிக் கொடுத்துவிட்டால் நாமும் சீடர்களின் வரிசையில்தான் போய் உட்காருவோம். இயேசு கேட்டது கூடைகளின் அர்த்தத்தை அல்ல, கூடைகளின் ஞாபகத்தை. இரண்டு முறை வயிறு நிறைந்து மிச்சமும் எடுத்தவர்கள், ஒற்றை அப்பத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எண்ணை நினைவில் வைத்திருந்தார்கள், எண் நடந்த நாளை மறந்துவிட்டார்கள்.

7

கடைசியாக மீன்கள். யோவான் 21. இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் கரையில் நிற்கும் ஒருவர் வலப்பக்கம் போடச் சொல்கிறார். வலை நிறைகிறது. பேதுரு இழுத்துக் கரையில் போடுகிறார். பெரிய மீன்கள், 153.

ஏன் 153? இரண்டாயிரம் வருடமாகக் கேட்கிறார்கள். உலகில் 153 வகை மீன் உண்டென்று பழைய ஆசிரியர்கள் சொன்னதாக ஜெரோம் எழுதினார். ஆக எல்லா வகை மனிதரும் வலைக்குள். 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வருவதைக் கவனித்த அகஸ்டின், 10 கட்டளைகள், ஆவியின் 7 வரங்கள் என்று 17ஐப் பிரித்தார். 1958இல் ஜே. ஏ. எமர்ட்டன் என்ற அறிஞர் எசேக்கியேல் 47ஐச் சுட்டிக்காட்டினார். ஆலயத்திலிருந்து ஓடிவரும் ஆறு சாக்கடலை உயிர்ப்பிக்க, என்கேதி முதல் எனெக்லாயிம் வரை மீனவர்கள் வலை விரிக்கும் காட்சி. 'ஏன்' என்ற ஊற்றைக் குறிக்கும் முன்னொட்டை எடுத்துவிட்டால் எபிரேயத்தில் கேதி 17, எக்லாயிம் 153. மீனும் மீனவரும் வலையும் அங்கேயும் இருப்பதால் எதிரொலி என்ற வகையில் இதற்கு எடை அதிகம். அதே சமயம் 1, 5, 3 மூன்றையும் தனித்தனியே கனமாக்கிக் கூட்டினாலும் 153 வரும். 1 முதல் 5 வரையான எண்களின் காரணியப் பெருக்கங்களைக் கூட்டினாலும் 153தான். போதுமான நேரம் அடித்தால் எந்த எண்ணும் எதையும் ஒப்புக்கொள்ளும். கேம்பிங் பயன்படுத்திய 17ம் அகஸ்டினின் 17ம் ஒரே எண்தான். அகஸ்டின் அதை வைத்து தியானித்தார். கேம்பிங் தேதி குறித்தார்.

மிகச் சாதாரணமான ஒரு பதிலும் இருக்கிறது. மீன்காரர்கள் மீனை எண்ணுவார்கள். பங்கு பிரிக்க வேண்டும். இறந்தவர் உயிரோடு வந்து கரையில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும்போதும் யாரோ ஒருவர் குனிந்து நூற்றைம்பத்தொன்று, நூற்றைம்பத்திரண்டு என்று எண்ணியிருக்கிறார். அந்தக் கைகளின் பழக்கமே எனக்கு அழகாகப்படுகிறது.

ஆனால் 153இலேயே மாட்டிக்கொண்டவர்கள் தவறவிடும் எண் ஆறேழு வரி கீழே இருக்கிறது. கரையில் எரிவது கரிநெருப்பு. அந்தக் கிரேக்கச் சொல் யோவானில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: விசாரணை நடந்த இரவில் பேதுரு குளிர்காய்ந்த நெருப்பு. அந்த நெருப்பின் பக்கத்தில் தொடங்கி மூன்று முறை அந்த ஆளைத் தெரியாது என்று சொன்னார். இப்போது இந்த நெருப்பின் பக்கத்தில் சாப்பாடு முடிந்ததும், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கப்படுகிறார். மூன்றாவது முறை கேட்டதால் பேதுரு துக்கப்பட்டார் என்று கதைசொல்லி எழுதுகிறார்; மூன்று என்பதை அவரே அழுத்திச் சொல்கிறார். கேட்டவர் பழைய மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை.

அகராதியைப் புரட்டினால் 3க்கு நேரே 'திரித்துவம்' என்று இருக்கும். பேதுருவுக்கு அது என்ன எண் என்று பேதுருவுக்குத் தெரியும்.